மார்க்கோலின் இல்லாட்டி கேண்டில்மாஸே இல்லையா? போங்கய்யா!

மக்களே, ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. ஆணி அதிகம், நேரம் கம்மி, வழக்கமான சால்ஜாப்புதான். ஆனா போன வாரம் ஒரு நண்பர் போன்ல பேசும்போது ஒரு வார்த்தை சொன்னார். அதுல இருந்து தூக்கம் வரலை. எங்கேயாவது கொட்டித் தீர்க்கணும், அதான் இங்கே வந்துட்டேன். மெட்டல் அலர்ஜி உள்ளவங்க இப்பவே எஸ்கேப் ஆகிக்கலாம். மத்தவங்க ஒரு டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

நண்பர் சொன்னது இதுதான்: "மெசையா மார்க்கோலின் பாடாத கேண்டில்மாஸ் எல்லாம் டூப்பு."

இதை அவர் மட்டும் சொன்னா விட்டிருப்பேன். கேண்டில்மாஸ் கேக்குற பத்துப் பேர்ல ஆறு பேர் சொல்ற டயலாக் இது. அதைவிடக் கேவலம், ஒரு காலத்துல நானே இதைச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன். அதனாலதான் கோவம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, கண்டுக்காதீங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. கேண்டில்மாஸ் சுவீடன்ல ஸ்டாக்ஹோம் வட்டாரத்துல 1984-ல ஆரம்பிச்ச குழு. ஆரம்பிச்சவர் லெய்ஃப் எட்லிங். பாஸ் கிட்டார் வாசிப்பார், பாட்டு எழுதுவார், மெட்டும் அவரே போடுவார். அதுக்கு முன்னாடி நெமசிஸ்னு ஒரு குழு வெச்சிருந்தார், அதுல பாடினதும் அவரேதான். இந்தக் கடைசித் தகவலை முடிஞ்சு வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

1986-ங்கிற வருஷத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. மார்ச்ல மெட்டாலிகாவோட மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ். அக்டோபர்ல ஸ்லேயரோட ரெய்ன் இன் பிளட், மொத்த ஆல்பமும் 29 நிமிஷத்துல முடிஞ்சிடும், அவ்வளவு வேகம். இதே ஸ்டாக்ஹோம் பக்கத்துல இருந்து மே கடைசியில யூரோப் குழுவோட தி ஃபைனல் கவுண்ட்டவுன் வந்து உலகமே அந்தக் கீபோர்டு பிட்டைப் பாடிக்கிட்டுத் திரிஞ்சது. அது வெளியாகி ரெண்டு வாரத்துல, ஜூன் 10-ஆம் தேதி, பிளாக் டிராகன்ங்கிற பிரெஞ்சு கம்பெனி மூலமா எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்னு ஒரு தட்டு வருது. பேரு லத்தீன் மாதிரி இருக்கும், ஆனா இல்லை. விளையாட்டா வெச்ச போலி லத்தீன். ஆறே பாட்டு. ஊரே நூறு கிலோமீட்டர் வேகத்துல பறக்கும்போது இவங்க மட்டும் சாவு ஊர்வலம் மாதிரி நடந்து வர்றாங்க. விற்கலை. கம்பெனி அதே வருஷம் கழட்டி விட்டுடுச்சு. இன்னிக்கு எபிக் டூம்னு ஒரு வகைக்கே பேர் வந்ததுக்கு அந்தப் போலி லத்தீன் தலைப்புதான் மூலம். நல்லா இருக்குல்ல கதை?

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த முதல் தட்டுல பாடினது மார்க்கோலின் இல்லை. யோஹன் லெங்க்விஸ்ட்னு ஒருத்தர். அவர் குழுவுல சேரக்கூட இல்லை. வந்தார், பாடிக் கொடுத்தார், போயிட்டார். ஒரு வகையோட அஸ்திவாரத்தையே போட்ட தட்டுல பாடினவர் விருந்தாளி! "மார்க்கோலின் இல்லாட்டி கேண்டில்மாஸ் இல்லை"ன்னு சொல்றவங்க இந்த ஒரு இடத்துலயே மாட்டிக்கிறாங்க. கேட்டா, "அது வேற, அது முதல் ஆல்பம்"னு ஜல்லியடிப்பாங்க.

என் கதையைச் சொல்லிடறேன். கல்லூரி விடுதியில ஒரு சீனியர் கொடுத்த எம்பி3 சிடியிலதான் எனக்கு இவங்க அறிமுகம். அதுல இருந்தது நைட்ஃபால், 1987-ல வந்த ரெண்டாவது தட்டு. மார்க்கோலின் உள்ளே வந்தது இதுலதான். அதுக்கு முன்னாடி மெர்சிங்கிற குழுவுல பாடிக்கிட்டிருந்தவர். ஆளைப் பார்த்திருக்கீங்களா? நல்ல பருமன், சுருள் முடிக் காடு, உடம்பு முழுக்க துறவி அங்கி. ஓபரா பாடகர் மாதிரி ஒவ்வொரு நீண்ட ஸ்வரத்தையும் அசைச்சு அசைச்சு இழுப்பார். தி வெல் ஆஃப் சோல்ஸ் பாட்டை இருட்டு அறையில முதல் தடவை கேட்டப்ப கையில முடி எழுந்து நின்னது பொய்யில்லை. தூக்குமேடைக்குப் போறவனோட கடைசி நேரத்தைச் சொல்ற அட் தி கேலோஸ் எண்ட், ஊருக்கு வந்த வழிப்போக்கனுக்கு உதவினவனோட கதை சமரிட்டன், எல்லாம் மனப்பாடம். நடுவுல சோப்பினோட சவ ஊர்வல இசையையே கிட்டார்ல வாசிச்சிருப்பாங்க. அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்?

அதனால மார்க்கோலினை நான் குறைச்சு மதிப்பிடலை. பிரச்சினை என்னன்னா, அந்த போதையில முதல் ஆல்பத்தை ரெண்டு வருஷம் கேக்கவே இல்லை. கையில இருந்தும் கேக்கலை. "அதுல மெசையா இல்லைப்பா"ன்னு பெருமையா வேற சொல்லிக்குவேன். ஒருநாள் மழையில மின்சாரம் போய், லேப்டாப்புல பேட்டரி இருக்கிற வரைக்கும்னு அதைப் போட்டேன். முதல் பாட்டு சாலிட்யூட் மெல்லத்தான் தொடங்கும். சாவை விரும்புற ஒருத்தன் தனியா உட்கார்ந்து பேசற பாட்டு. லெங்க்விஸ்ட் குரல்ல அலங்காரமே இல்லை. மார்க்கோலின் பாடினா அது மேடை. லெங்க்விஸ்ட் பாடும்போது பக்கத்துல ஒரு ஆள் உட்கார்ந்திருக்கான். பேட்டரி தீர்ந்தப்ப எனக்கு என்மேலயே எரிச்சல் வந்தது.

அப்பதான் கவனிக்க ஆரம்பிச்சேன், ரெண்டு தட்டுலயும் பொதுவா இருக்கிறது என்னன்னு.

கொஞ்சம் டெக்னிக்கலா பேசிக்கறேன், பொறுத்துக்குங்க. டூம்னாலே பிளாக் சப்பாத் காப்பின்னு ஒரு மொக்கைக் குற்றச்சாட்டு உண்டு. 1970-ல சப்பாத்தோட முதல் தட்டு இல்லாம இவங்க யாரும் இல்லைங்கிறது உண்மை. டோனி அயோமி போட்ட அந்த மூணு ஸ்வரத்துல (நம்ம கணக்குல ச-வும் பிரதி மத்யமமும்) இருந்துதான் எல்லாரும் பொறந்தாங்க. ஆனா சப்பாத்தோட அயர்ன் மேனைக் கேளுங்க. கிட்டார் எந்த மெட்டை வாசிக்குதோ அதே மெட்டைத்தான் ஆஸி பாடுவார். கேண்டில்மாஸ்ல அப்படி இல்லை. கிட்டார் கீழே கல்லு உருட்டுற மாதிரி ஒரே ரிஃபை மெதுவா உருட்டிக்கிட்டு இருக்கும். குரல் அதுக்கு மேல தனியா, நீளமா, வேற பாதையில போகும். சப்பாத்ல இருக்கிற புளூஸ் ஆட்டம் இதுல கிட்டத்தட்ட கிடையாது. அதுக்குப் பதிலா ரெயின்போ மாதிரிக் குழுக்கள்கிட்ட இருந்து வந்த பிரம்மாண்டம் இருக்கும்.

மெதுவா வாசிக்கிறது சோம்பேறி வேலைன்னு நினைக்கறவங்க ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க. வேகமா வாசிச்சா தப்பெல்லாம் வேகத்துல மறைஞ்சிடும். மெதுவா வாசிக்கும்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல ஒரு பள்ளம் வருது. அந்தப் பள்ளத்தை நிரப்ப மெட்டு வேணும். அந்த மெட்டை யார் போட்டது? பாடகரா? இங்கதான் முன்னாடி முடிஞ்சு வெச்சதை அவுக்கணும். எட்லிங் பாடகராத்தான் ஆரம்பிச்சார். 2002-ல அவரோட பழைய டெமோக்களைத் தொகுத்து ஒரு வெளியீடு வந்தது. அதுல அவரே பாடறார். குரல் சுமார்தான், ஒத்துக்கறேன். ஆனா குரல் போக வேண்டிய பாதை அங்கேயே இருக்கு. நமக்கு இது புரியறதுல என்ன கஷ்டம்னு தெரியலை. யார் பாடியிருந்தாலும் "ராஜா பாட்டு"ன்னு சொல்ற ஊர் நம்ம ஊர். மெட்டல்னு வந்தா மட்டும் மைக் பிடிச்சவன் பின்னாடி ஓடறோம்.

"சரி, அப்ப எட்லிங்தான் கேண்டில்மாஸ், அதானே?"ன்னு கேப்பீங்க. அதுவும் இல்லை! இங்கதான் என் நண்பரோட மட்டும் இல்லாம எட்லிங் பக்தர்களோடயும் சண்டை போட வேண்டியிருக்கு.

மார்க்கோலின் 1988-ல ஏன்ஷியன்ட் டிரீம்ஸ், 1989-ல டேல்ஸ் ஆஃப் கிரியேஷன்னு மொத்தம் மூணு தட்டு முடிச்சு 1991-ல வெளியே போனார். 1992-ல தாமஸ் விக்ஸ்ட்ரோம் பாடின சாப்டர் சிக்ஸ் வந்தது, நல்ல தட்டு, யாரும் சீந்தலை. குழு கலைஞ்சது. எட்லிங் ஆப்ஸ்ட்ராக்ட் ஆல்ஜிப்ரான்னு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சார். அதோட ரெண்டாவது தட்டுக்காக இருந்த சரக்குதான் 1998-ல டாக்டிலிஸ் குளோமெராட்டான்னு கேண்டில்மாஸ் பேர்ல வந்தது. அடுத்த வருஷம் ஃப்ரம் தி தர்டீன்த் சன். ரெண்டுலயும் எட்லிங் இருக்கார், அவர் பாட்டு இருக்கு, பேர் இருக்கு. கேட்டா கேண்டில்மாஸ் மாதிரி இல்லை. ஏன்?

மாட்ஸ் பியோர்க்மன் இல்லை. செல்லப் பேர் மாப்பே. ரிதம் கிட்டார்.

பேரே கேள்விப்பட்டதில்லைல்ல? நானும்தான் ரொம்ப வருஷம் கேள்விப்படலை. முதல் தட்டுல லீடு கிட்டார் வேற ஆள், டிரம்ஸ் வேற ஆள், பாடகர் விருந்தாளி. எட்லிங்கைத் தவிர அதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் இருக்கிறது இந்த மனுஷன்தான். அவர் இல்லாம வந்த ஸ்டுடியோ ஆல்பம் அந்த ரெண்டே ரெண்டுதான். நான் சொன்ன அந்தக் கல்லு உருட்டற சத்தம் இருக்கே, அது அவர் வலது கை. நைட்ஃபால்ல இருந்து அது மேல லார்ஸ் யோஹான்சனோட லீடு, கீழே யான் லிண்டோட டிரம்ஸ். லிண்ட் அடியை எவ்வளவு தாமதமா போடறார்னு ஒரு தடவை டிரம்ஸை மட்டும் கவனிச்சுக் கேளுங்க. விழுந்துடுமோன்னு பயம் வரும், விழாது. இவங்க யாருக்கும் துறவி அங்கி கிடையாது, அதனால யாருக்கும் பேர் தெரியாது.

2002-ல பழைய ஆட்கள் எல்லாரும் ஒண்ணு சேர்ந்தாங்க. 2005-ல குழுவோட பேரையே தலைப்பா வெச்சு ஒரு தட்டு, மார்க்கோலின் குரல்ல. சுவீடனோட கிராமிஸ் விருது கிடைச்சது. 2006-ல மறுபடி சண்டை, மறுபடி மார்க்கோலின் வெளியே. அன்னிக்குத் தொடங்கின ஒப்பாரி இன்னும் ஓயலை. அடுத்து வந்தவர் டெக்ஸாஸ்காரர் ராபர்ட் லோ, சாலிட்யூட் ஈட்டர்னஸ் குழுவோட பாடகர். அவரை வெச்சு 2007-ல கிங் ஆஃப் தி கிரே ஐலண்ட்ஸ், 2009-ல டெத் மேஜிக் டூம். ஆஃப் ஸ்டார்ஸ் அண்ட் ஸ்மோக் கேட்டுட்டு வந்து "டூப்பு"ன்னு என் முகத்துக்கு நேரா சொல்லுங்க பார்ப்போம். அடுத்த ஆல்பமான சாம்ஸ் ஃபார் தி டெட் 2012-ல வெளிவர்ற நேரத்துலயே லோவை அனுப்பிட்டாங்க. மேடையில தரம் பத்தலைன்னு காரணம். இருக்கலாம், ஆனா தட்டு கடைக்கு வர்ற வாரத்துல பாடினவரை அனுப்பறது நாகரிகமா? எட்லிங் மேல எனக்கு இருக்கிற பெரிய மனத்தாங்கல் இதுதான்.

அப்புறம் மாட்ஸ் லெவேன் பாடினார். அந்த வருஷங்கள்ல எட்லிங்குக்கு உடம்பு ரொம்ப சரியில்லாம, தீராத களைப்பு நோய், பல கச்சேரிகளுக்கு அவர் வரலை. ஓபெத்ல கீபோர்டு வாசிச்ச பெர் விபெர்க் அவர் இடத்துல பாஸ் வாசிச்சார். பாட்டு எழுதினவரே மேடையில இல்லை! அப்ப எவனாவது "எட்லிங் இல்லாத கேண்டில்மாஸ் டூப்பு"ன்னு கொடி பிடிச்சானா? நான் பார்க்கலை. கொடியெல்லாம் அங்கிக்கு மட்டும்தான்.

2018-ல யார் திரும்பி வந்தாங்கன்னு தெரியுமா? லெங்க்விஸ்ட்! அந்த விருந்தாளி! நடுவுல 2011-ல ரோட்பர்ன் விழாவுல முதல் தட்டை முழுசாப் பாடறதுக்கு ஒரு தடவை வந்துட்டுப் போயிருந்தார். இப்ப 32 வருஷம் கழிச்சு முழு உறுப்பினரா உள்ளே வர்றார். 2019-ல தி டோர் டு டூம். அதுல ஒரு பாட்டுல அயோமியே வந்து கிட்டார் வாசிச்சார். "சப்பாத் காப்பி" கோஷ்டி இதுக்கு என்ன சொல்லும்னு தெரியலை :) அந்தப் பாட்டு, அஸ்டோரோலஸ், 2020 கிராமி விருதுக்குப் பரிந்துரையாச்சு. டூல் குழு தட்டிக்கிட்டுப் போயிடுச்சு, அதை விடுங்க. 2022-ல ஸ்வீட் ஈவில் சன்னும் வந்தாச்சு. லெங்க்விஸ்டுக்குக் குரல் கரகரப்பாயிடுச்சு, வயசு தெரியுது. எனக்கு அது முன்னைவிடப் பொருத்தமா இருக்கு.

நண்பர்கிட்ட இதையெல்லாம் போன்லயே சொன்னேன். "நீ என்ன சொன்னாலும் நைட்ஃபால் நைட்ஃபால்தான்"னார். அதை யாரு இல்லைன்னாங்க? எபிகஸை அனுப்பி வெச்சிருக்கேன், பாடகரை விட்டுட்டு இடது பக்கம் கிட்டாரை மட்டும் கேளுன்னு சொல்லி. நாலு நாளாச்சு, பதில் இல்லை. ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுக்கே போறதா இருக்கேன்.

டிஸ்கி: ஆஸி-டியோ சண்டையை இங்கே இழுக்கறவங்களுக்கு பதில் சொல்லப்பட மாட்டாது. அதுக்குத் தனியா ஒரு பதிவு வேணும், அதுக்கு எனக்கு இன்னும் தைரியம் வரலை.