உரியவர்க்கே இரவலா?

அணிகலன் என்பது செல்வரின் செருக்கைக் காட்டும் பகட்டுப் பொருள் என்பார் உளர். ஓவியமும் சிற்பமும் பெருங்கலை. கழுத்தணியும் காப்பும் வெறுங் கைத்தொழில் எனப் பிரித்து வைப்பாரும் உளர். கருப்பின மக்களின் வரலாற்றை அறிந்தார்க்கு இவ்விரு கூற்றும் பிழையென்பது தெற்றென விளங்கும்.

மண்ணும் பெயரும் தாய்மொழியும் பறிக்கப்பட்டுக் கப்பலேற்றிக் கடத்தப்பட்ட மக்கள் அவர்கள். 1991-இல் நியூயார்க்கு நகரில் அரசுக் கட்டடம் ஒன்றுக்காக நிலத்தை அகழ்ந்தபோது, அடிமைக் காலத்து ஆப்பிரிக்கரின் இடுகாடு வெளிப்பட்டது. ஆங்கே ஒரு பெண்ணின் இடுப்பெலும்பைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட மணிகள் கோவையாகக் கிடந்தன. அவள் பெயரை அறிவார் இலர். ஆயினும், இடுப்பில் மணி பூணுதல் மேற்கு ஆப்பிரிக்க வழக்கம் என்பதால், அவள் மரபை அம்மணிகளே உரைத்தன. ஏடு மறுக்கப்பட்டார்க்கு அணியே ஏடாயிற்று.

இக்காலக் கருப்பினக் கலைஞரின் படைப்புகள் அவ்வேட்டின் புதுப்பக்கங்கள் எனலாம். ஆர்ட்டு சிமித்து என்பார் 1946-இல் அந்நகரின் கிரீனிச்சுப் பகுதியில் அணிகலக் கடை திறந்தார். இனவெறியரின் வன்செயலால் வேறு தெருவுக்குப் பெயர்ந்தார். ஆயினும் தொழிலை விட்டாரல்லர். செம்பையும் பித்தளையையும் வெள்ளியையும் வளைத்து, அணிவார் உடலொடு பொருந்தினாலன்றி நிறைவுறாத அணிகளைச் செய்தார். 1948-இல் பால்டிமோரிற் பிறந்த சாய்சு இசுகாட்டு அம்மையாரோ, சிறுமணிகளை நூலாற் பின்னி, இனவெறிக் கொடுமையையே கழுத்தணியில் வடித்துக் காட்டுகிறார். அதனைக் காண்பவர் வாளா கடந்து போதல் இயலாது. இதுவோ பகட்டு?

மரபினின்று புதியன படைக்க வேண்டுமாயின், அம்மரபு கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் பொன்னணிக்குப் பெயர்பெற்றது, இன்றைய கானாவிலுள்ள அசாந்தி அரசு. 1874-இல் ஆங்கிலப் படை அதன் தலைநகராகிய குமாசியைக் கொள்ளையிட்டு அரசணிகளை வாரிச் சென்றது. 150 ஆண்டு கழித்து, 2024-இல், பிரித்தானிய அருங்காட்சியகமும் விக்டோரியா ஆல்பர்ட்டு அருங்காட்சியகமும் அக்கொள்ளைப் பொருள்கள் அடங்கிய 32 பொருள்களைக் குமாசிக்கு அனுப்பின. எவ்வாறு? இரவலாக!

நிலையாகத் தரச் சட்டம் இடந்தரவில்லையாம். சட்டத்தை ஆக்கியவர்க்கு அதனைத் திருத்தத் தெரியாதோ? அதே ஆண்டில் இலாசு ஏஞ்சல்சு நகரின் பௌலர் அருங்காட்சியகம் 7 பொருள்களை நிலையாகவே திருப்பித் தந்தது. மனமுண்டானால் இடமுண்டு.

கொள்ளையிட்ட பொருளை உரியவர்க்கே இரவல் தந்துவிட்டு, அதனைக் கொடையெனப் பேசுதல் நாணத்தக்கது. ஓரினத்தின் அணிகலன் அவ்வினத்தின் நினைவு. தன் நினைவையே இரவல் வாங்கி வாழுமாறு எவ்வினத்தையும் பணித்தல் அறமாகாது. எடுத்தவர் கொடுத்தே தீரல் வேண்டும்.