மரக்காணம் கொல்லைப்புறத்துக்கு எந்த விதை?

தமிழக அரசு 2025 ஜூலையில் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தைத் தொடங்கியது. தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என ஆறு விதைகள் கொண்ட பொட்டலம் ஒன்று. பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள் கொண்ட தொகுப்பு ஒன்று. துவரை, காராமணி, அவரை விதைகள் கொண்ட தொகுப்பு இன்னொன்று. வீட்டுக்கு வேண்டிய காயை வீட்டிலேயே விளைவிக்கச் செய்யும் நல்ல திட்டம் இது. ஆனால், பொள்ளாச்சிச் செம்மண்ணில் முளைக்கும் விதையெல்லாம் விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கரையிலும் முளைத்துவிடாது. அங்கே வீடு கட்டி வாழ்பவர்கள் எதை, எப்போது நட வேண்டும் என்று தனியாகப் பார்த்தாக வேண்டும்.

பொட்டலத்தில் எது தாங்கும்?

மண்ணில் உள்ள உப்பின் அளவை இ.சி. எனப்படும் மின்கடத்துத்திறனால் அளக்கிறார்கள். இது 4 டெசி சைமனைத் தாண்டினால் அந்த மண் உவர் மண். ஒவ்வொரு பயிருக்கும் விளைச்சல் குறையாமல் தாங்கக்கூடிய ஓர் எல்லை உண்டு. தக்காளிக்கு அது சுமார் 2.5, மிளகாய்க்கு 1.5. எலுமிச்சையும் மிளகாயைப் போலத்தான். கொஞ்சம் உப்பு ஏறினாலும் இலை நுனி கருகி உதிரத் தொடங்கிவிடும். அவரையும் துவரையும் உப்புக்கு நொய்ந்தவை. பப்பாளி உப்போடு ஓரளவு போராடும். ஆனால் வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் அழுகிச் சாய்ந்துவிடும்.

அதே பொட்டலத்தில் உள்ள கொத்தவரையோ 8 டெசி சைமனுக்கு மேலும் தாங்கும். காராமணியும் கொய்யாவும் 4.5 தாண்டியும் நிற்கும். ஆகவே மரக்காணம், கூனிமேடு, அனுமந்தை பகுதிகளில் உங்களுக்குப் பொட்டலம் கிடைத்தால் கொத்தவரை, காராமணி, கொய்யா மூன்றையும் தரையில் நடுங்கள். மிளகாய், தக்காளி, எலுமிச்சையைச் சாக்கிலோ தொட்டியிலோ வெளி மண்ணும் தொழு உரமும் கலந்து வளருங்கள்.

ஆடியா, கார்த்திகையா?

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது மற்ற ஊர்களுக்குச் சரி. உப்பளக் கரையில் ஆடி மாதம் என்பது கோடை முழுதும் மண்ணின் அடியிலிருந்த உப்பு ஈரத்தோடு மேலேறி, வெயிலில் காய்ந்து, வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் காலம். எந்தப் பயிரும் முளைவிடும்போதும் இளங்கன்றாக இருக்கும்போதும்தான் உப்பை மிகக் குறைவாகத் தாங்கும். ஜூலையில் கிடைத்த விதையை ஜூலையிலேயே ஊன்றினால் பொட்டலம் வீண்.

இங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. அந்த மழைதான் உப்பைக் கரைத்துக் கீழே தள்ளுகிறது. ஐப்பசியில் சாக்கிலோ தட்டிலோ நாற்று விட்டு, கார்த்திகைக் கடைசியில் பெருமழை ஓய்ந்ததும் தரையில் நட்டால் மாசி வரை காய் பறிக்கலாம். மத்தியதரைக் கடல் நாடுகளிலும் மழை குளிர்காலத்தில்தான். கோடை நீண்டது, வறண்டது. அங்குள்ள தோட்டக்காரர்கள் மழைக்கு முன்னே நட்டு, கோடையில் தண்ணீர் கேட்காத ஆலிவ், மாதுளை, அத்தி போன்றவற்றை நம்புகிறார்கள். நமக்கு அந்த இடத்தில் இருப்பவை சப்போட்டா, இலந்தை, கொடுக்காப்புளி, முருங்கை. கடற்காற்றைத் தடுக்க வேலியோரம் பனை, பூவரசு, புன்னை.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பளம் மூழ்கிவிடுவதால் அந்த மாதங்களில் தொழிலாளிக்குக் கூலி இல்லை. அதற்காகவே அரசு குடும்பத்துக்கு ரூ.5,000 நிவாரணம் வழங்குகிறது. உப்பு வேலை நிற்கும் நாட்களில்தான் கொல்லை மண் பயிருக்கு இணங்குகிறது. வீட்டில் ஆளும் இருக்கிறார்கள். விதை சரியான மாதத்தில் வந்தால், கையில் காசில்லாத காலத்தில் கீரையும், அடுத்த சில வாரங்களில் காயும் கிடைக்கும்.

புயலை மறக்க முடியாது

2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் என இந்தக் கரை கண்டவை பல. ஃபெஞ்சலின்போது அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. எனவே பாத்தியை முக்கால் அடியாவது உயர்த்துங்கள். சுற்றிலும் வடிகால் வெட்டுங்கள். உயர்த்திய பாத்தியில் உப்பு உச்சியில்தான் சேரும் என்பதால், செடியை உச்சியில் வைக்காமல் சரிவில் வையுங்கள். கன்றுகளுக்குக் குச்சி கட்டுங்கள். முருங்கையை ஐப்பசிக்கு முன்பே கவாத்து செய்துவிடுங்கள்.

தண்ணீரில் கவனம்

கடலோர மணல்மேட்டில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு இருக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியிலுள்ள உப்புநீர் 40 அடி வரை மேலேறக்கூடும் என்பது நிலத்தடிநீர்க் கணக்கு. தோட்டத்துக்காக ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்துவது நம் குடிநீருக்கே ஆபத்து. கூரை மழைநீரைத் தொட்டியில் பிடியுங்கள். மீதியைக் கிணற்றடியில் இறக்குங்கள்.

பாத்திரம் அலசிய தண்ணீரை மரத்துக்கு விடலாம். சலவைத்தூள் கலந்த நீரில் சோடியம் உண்டு. அது மண்ணை இறுக்கிவிடும். குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் ஒதுக்கும் நீரில் உப்பு செறிந்திருக்கும். இதையும் செடிக்கு ஊற்றாதீர்கள். கோடையில் தென்னை ஓலை, வைக்கோல் மூடாக்கு போட்டால் ஈரமும் தங்கும், உப்பும் மேலேறாது. கோடை மழை கிடைத்தால் காலி இடத்தில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன் மடக்கிவிடுங்கள். உவரில் வளரும் பசுந்தாள் உரம் அது. ஜிப்சத்தை மட்டும் பரிசோதனை செய்யாமல் போடாதீர்கள். சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் அது மருந்து; வெறும் உவருக்கு வடிகாலும் நல்ல தண்ணீரும்தான் வழி. மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்து ஆலோசனை பெற, திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

கேட்க வேண்டியது

கழியோரம் தானாக முளைக்கும் உமரிக்கீரையும் பருப்புக்கீரையும் உப்பில் வளர்ந்து நம் உணவாகவும் ஆனவை. அவற்றுக்கு எந்தத் தொகுப்பிலும் இடமில்லை. கொத்தவரை, காராமணி, பருப்புக்கீரை, முருங்கை, கொய்யா, சப்போட்டா கொண்ட ‘கடலோரத் தொகுப்பு’ ஒன்றைத் தோட்டக்கலைத் துறை தனியே தயாரிப்பது பெரிய செலவில்லை. அதைப் புரட்டாசிக் கடைசிக்குள் வீடு சேர்த்தால் போதும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள். அதுவரை, கையில் உள்ள பொட்டலத்தில் தாங்கும் விதையைப் பிரித்தெடுத்து, ஐப்பசிக்காகக் காற்றுப் புகாத டப்பாவில் பத்திரப்படுத்துங்கள்.