விற்றால் பணம், விற்காவிட்டால்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

பாடல் பெற்ற மாகாளேசுவரர் கோயில் உள்ள இரும்பை எங்கள் ஊர். வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். அருகிலேயே 1968இல் தொடங்கப்பெற்ற ஆரோவில். இவ்வூர்க்காரனுக்குக் குதிரைச் சேணத்தோடு என்ன உறவு என்று தோழர்கள் வியக்கலாம். என் தந்தையார் குதிரை லாயத்தில் வேலை பார்ப்பவர். அந்த வருவாயில்தான் எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் கல்லூரி வாசலை மிதித்தேன்.

தாயகம் திரும்பிய வெளிநாட்டவர் ஒருவர் தம் சேணம், முழங்கால் பூட்ஸ், தலைக்கவசம் ஆகியவற்றை அப்பாவுக்கு அன்பளிப்பாகத் தந்தார். சேணம் கான்பூரில் செய்தது; புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. விற்றால் என் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று, பழைய பொருள்களை விற்றுத் தரும் கடை ஒன்றில் கொடுத்தோம். சேணத்துக்கு 12,000 ரூபாய், பூட்ஸுக்கு 3,000 ரூபாய். விற்ற தொகையில் கடைக்கு நூற்றுக்கு 40. எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை.

பிறகு தொடங்கியது என் நடை. "தம்பி, இன்னும் போகலப்பா. அடுத்த வாரம் வா" என்பதே வாரந்தோறும் விடை. எட்டாம் மாதம் சேணம் விற்றது, 7,500க்கு! விலையைக் குறைக்க யார் எங்களைக் கேட்டார்கள்? கடைப் பங்கு 3,000 போக, மெருகேற்றிய செலவென்று இன்னும் 500 பிடித்து, 4,000 ரூபாயை நீட்டினார்கள். பேசிய விலைக்கு 7,200 வந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சன்னலோரம் கிடந்த பூட்ஸோ பூசணம் பூத்துத் திரும்பி வந்தது. உப்புக் காற்றின் ஈரத்தில் தோல் என்னவாகும் என்பது எங்கள் பக்கத்துச் சிறுவனுக்கும் தெரியும்.

நிற்க. கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். சேணம் சட்டையைப் போன்றதன்று. ஏறுபவனுக்கும் பொருந்த வேண்டும், குதிரையின் முதுகுக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் முதுகு புண்ணாகும். ஆகவே வாங்குவோர் சிலரே. அதுவரை இடவாடகை அவருடையது. பங்கு கேட்பதைக் குறை கூறேன். கணக்குக் காட்டாததையே குறை கூறுகிறேன்.

பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்றார் வள்ளுவர். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவும் அதையே சொல்கிறது: ஒப்படைக்கப்பட்ட பொருளை, சாதாரண விவேகமுள்ளவன் தன் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும். கேட்டபோது முறையான கணக்குத் தருவது முகவரின் கடமை என்கிறது 213ஆம் பிரிவு. இவையெல்லாம் எனக்குத் தெரிந்தது பணம் போன பிறகு!

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தலைக்கவசத்தோடு அதன் உரிமையாளர் ஒருமுறை பலமாக விழுந்திருந்தார். அது எங்களுக்குத் தெரியும், கடையில் சொல்லவில்லை. உள்ளிருக்கும் பாலிஸ்டைரீன் நுரை தான் நசுங்கித் தலையைக் காக்கிறது. நசுங்கிய நுரை பழைய நிலைக்கு மீளாது. மேலோடு மட்டும் பளபளக்கும். வேதியியல் படிக்கும் நான் இதை அறிந்தும் வாய் மூடியிருந்தேன். யாரோ ஒரு பிள்ளை அதை நம்பிக் குதிரை ஏறினால்? ஒரு நாள் மனம் பொறுக்காமல் திரும்ப வாங்கி வந்தேன். "உடைச்சுப் போடுடா" என்றார் அப்பா. உடைத்தேன்.

கணக்கை மறைத்தவரைச் சாடும் நானும் குறையை மறைத்தவனே. எனவே தோழர்களே, சைக்கிளானாலும் தையல் எந்திரமானாலும், விற்கக் கொடுக்கும் முன் ஒரு சீட்டு எழுதுங்கள். கேட்கும் விலை, குறைக்கக்கூடிய எல்லை, கடைப் பங்கு, திருப்பித் தரும் நாள் நான்கும் அதில் இருக்கட்டும். ஐந்தாவதாக, பொருளின் குறையை நீங்களே எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி அந்தச் சீட்டே. பட்டம் பிறகு வரட்டும்!