லேசருக்கு முன்னால் ஒரு மாதம்

தை மாதம் கல்யாணம். மார்கழி பிறந்த பிறகுதான் பெண்ணுக்குத் தாடையில் இருக்கும் முடி பெரிய கவலையாகிறது. மாதா மாதம் பார்லரில் த்ரெட்டிங் செய்து சலித்துப் போயிருக்கிறாள். தெரு முனையில் ஒரு கிளினிக். "ஆறு சிட்டிங் பேக்கேஜ், இன்றே சேர்ந்தால் தள்ளுபடி" என்று வாசலில் போர்டு. உள்ளே போன பத்தாவது நிமிடம் பணம் கட்டியாகி விடுகிறது. "நாளைக்கு ஷேவ் பண்ணிட்டு வந்துடுங்க மேடம்" என்பதோடு தயாரிப்பு முடிந்தது!

லேசர் செய்துகொள்வது சரியா தவறா என்பதல்ல இங்கே பேச்சு. அவரவர் முகம், அவரவர் காசு. ஆனால் இந்த சிகிச்சைக்குத் தயாராவது என்றால் ரேசர் வாங்குவது என்று நினைப்பதுதான் தவறு. உண்மையான தயாரிப்பு, பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளில் இருக்கிறது.

லேசர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் கேள்விகள் தானாகவே வரும். 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். சரியான அலைநீளமுள்ள ஒளியை மிகச் சிறிய நேரத்துக்குப் பாய்ச்சினால், அந்த ஒளியை உறிஞ்சும் நிறமிப் பொருள் மட்டும் சூடாகும், சுற்றியிருப்பது தப்பித்துக்கொள்ளும். முடியைப் பொறுத்தவரை அந்த நிறமி மெலனின். முடி சூடாகி, அந்தச் சூட்டில் மயிர்க்கால் சிதைகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

அப்படியானால் வேரே இல்லாத இடத்தில் லேசர் எதைச் சுடும்? வேக்ஸிங், த்ரெட்டிங் இரண்டும் முடியை வேரோடு பிடுங்குபவை. அதனால் குறைந்தது நான்கு வாரம் அவற்றை நிறுத்த வேண்டும். ஷேவிங் மட்டும் செய்யலாம், அது வேரைத் தொடாது. ஷேவ் செய்தால் முடி தடித்து வளரும் என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகத் தெரிகிறதே தவிர முடி தடிப்பதில்லை. நேற்று த்ரெட்டிங் செய்த முகத்தோடு வந்தவளிடம் இன்றைக்கே முதல் சிட்டிங் போடலாம் என்று ஒருவர் சொன்னால், அவர் பில்லை நினைத்துச் சொல்கிறார் என்று அர்த்தம்.

அடுத்தது நிறம். மெலனின் முடியில் மட்டும் இல்லையே, தோலிலும் இருக்கிறது! 1975-ல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் தொடங்கி வைத்த வகைப்பாடு இப்போது தோலை ஆறு வகையாகப் பிரிக்கிறது. இந்தியர்களில் பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் வகை. இந்தத் தோலில் அலைநீளம் குறைந்த ஒளி விழுந்தால் முடிக்குப் போக வேண்டிய சூட்டில் ஒரு பங்கைத் தோலே வாங்கிக்கொள்ளும். 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசரில் இந்த ஆபத்து அதிகம். 1064 நானோமீட்டர் என்டி யாக் லேசர் கறுத்த தோலுக்குப் பாதுகாப்பானது. 800, 810 அளவில் இருக்கும் டையோடு இடைப்பட்டது. ஆகவே "என்ன மெஷின், என்ன அலைநீளம், என் நிறத்துக்கு இது சரியா, முதலில் ஒரு சின்ன இடத்தில் சோதித்துக் காட்டுவீர்களா, மெஷினைப் பிடிக்கப் போவது யார்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. வெயிலில் கறுத்த முகத்துக்கு ஆபத்து இன்னும் கூடும். அந்த ஒரு மாதம் பஸ் ஸ்டாப்பில் குடையும், எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் வேண்டும் என்பது அதனால்தான்.

இப்போது நாள் கணக்கு. வளரும் பருவத்தில் இருக்கும் முடியை மட்டுமே லேசர் நன்றாகத் தாக்கும். எல்லா முடியும் ஒரே சமயத்தில் வளர்வதில்லை. அதனால்தான் ஆறு முதல் எட்டு சிட்டிங் தேவைப்படுகிறது. முகத்துக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளி. ஆறு சிட்டிங் என்றால் ஐந்து இடைவெளி, அதாவது 20 முதல் 30 வாரம். தயாரிப்பு மாதத்தையும் சேர்த்தால் தைக் கல்யாணத்துக்கு வைகாசி, ஆனியிலேயே தொடங்கியிருக்க வேண்டும். மார்கழியில் தொடங்கினால் கல்யாணத்துக்குள் ஒரு சிட்டிங் முடியும். அது சரியாக அமையாவிட்டால் முகூர்த்தத்தன்று முடியும் இருக்கும், கூடவே ஒரு கரும்படலமும் இருக்கும்.

கேட்கப்படாத கேள்வி இன்னொன்று உண்டு. தாடையிலும் மேலுதட்டிலும் முடி அடர்ந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனால் அது பி.சி.ஓ.எஸ் ஆக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் மருத்துவரும் வேண்டும். லேசர் இருக்கிற முடியைக் குறைக்குமே தவிர, ஹார்மோன் புதிதாக வளர்க்கும் முடியைத் தடுக்காது. சிலருக்கு முகத்திலும் கழுத்திலும் லேசருக்குப் பிறகு முடி அதிகமாவதும் உண்டு. மாதவிலக்கைப் பற்றி ரிசப்ஷனில் யாரும் கேட்பதில்லை. "அதையெல்லாம் வெளியே சொல்லாதே" என்று அம்மாக்களும் சொல்லிவிடுகிறார்கள். மருத்துவரிடம் போயிருக்க வேண்டிய விஷயம் அழகு விஷயமாகவே முடிந்து விடுகிறது.

இதெல்லாம் மிகை என்று தோன்றுகிறதா? 2007 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 22, 25 வயதுப் பெண்கள் இருவர், லேசரின் வலி தெரியாமல் இருக்க மரத்துப்போகும் கிரீமைக் கால்களில் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டார்கள். அப்படிச் செய்யச் சொல்லியே அவர்களிடம் கொடுக்கப்பட்டது. கிரீமில் இருந்த லிடோகேய்ன், டெட்ராகேய்ன் மருந்துகளின் அளவு மிக அதிகம். வலிப்பு வந்து, கோமாவில் விழுந்து, இருவரும் இறந்து போனார்கள். தயாராகும்போதே போன உயிர்கள் அவை. கிரீமில் எத்தனை சதவீத மருந்து, எவ்வளவு இடத்தில் பூசலாம் என்று கேட்காமல் யாரும் பூசிக்கொள்ளக் கூடாது.

பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லையே என்பார்கள். உண்மைதான். லேசான சிவப்பு வரும், ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் பழுப்புத் தோலில் சூடு பட்ட தழும்பு கறுத்தால் மறைய மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களை முகத்தில் சுமப்பது கிளினிக் இல்லை. மொத்தமாகக் கட்டினால் மலிவு என்பதும் ஆறு சிட்டிங்கும் போனால்தான் உண்மை. இரண்டாவதிலேயே தோல் ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தினால் அதுதான் விலை கூடிய சிகிச்சை! முதல் சிட்டிங்குக்கு மட்டும் பணம் கட்டலாம். ரீஃபண்ட் விதியை எழுதி வாங்கலாம். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். எஃப்.டி.ஏ இந்த லேசர்களுக்கு அனுமதித்திருக்கும் வார்த்தை 'நிரந்தரக் குறைப்பு' மட்டுமே. 'நிரந்தர நீக்கம்' என்று போர்டில் எழுதியிருந்தால் அங்கேயே முதல் கேள்வியைக் கேட்டுவிடலாம்.

முடி இருப்பதில் வெட்கம், கல்யாண அவசரம். இந்த இரண்டையும் வைத்துத்தான் பேக்கேஜ் விற்கிறது. வெட்கத்தை விட்டுக் கேட்கவும், அவசரத்தை விட்டுக் காத்திருக்கவும் ஒரு மாதம் போதும். அந்தத் தள்ளுபடி போர்டு எங்கும் போய்விடாது, அடுத்த மாதமும் அதே வாசலில்தான் இருக்கும்!