முதுமையும் புற்றுநோய்ச் சந்தேகமும்

வயது ஏற ஏறப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. இந்த வயதில் பரிசோதனை தேவையா என்ற தயக்கமும் கூடவே வளர்கிறது. குடும்பங்கள் குழம்புவது இந்த இடத்தில்தான்.

முதலில் சந்தேகத்தைப் பார்ப்போம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான 'நைஸ்' 2015-இல் ஓர் அளவுகோலை வகுத்தது. ஓர் அறிகுறி உள்ள 100 பேரில் சுமார் 3 பேருக்குப் புற்றுநோய் இருக்கக்கூடும் என்றால், மேற்பரிசோதனை தேவை. வயது கூடினால் ஒரே அறிகுறியின் எடையும் கூடும். அதனால்தான் 60 வயதைக் கடந்தவரின் இரும்புச்சத்துக் குறைவு இரத்தசோகையை 'நைஸ்' தனிக் கவனத்துக்கு உரியதாக வைத்தது.

இதன் காரணம் எளியது. பெருங்குடல் கட்டியிலிருந்து இரத்தம் மெல்லக் கசியும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. உடலின் இரும்புச்சத்து குறைந்து, படி ஏறினால் மூச்சு வாங்கும். மாதவிடாய் நின்று பல ஆண்டுகளான பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைந்தால், இரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும். 'வயசானா அப்படித்தான்' என்று மாத்திரை மட்டும் கொடுத்தால் ஹீமோகுளோபின் சற்று ஏறும், கசிவு தொடரும்.

அடுத்து, தயக்கம். இங்கே இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. அறிகுறி ஏதும் இல்லாதவரை முன்கூட்டிச் சோதிப்பது ஸ்கிரீனிங். 70 வயதைக் கடந்த ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. இரத்தச் சோதனையால் செய்யும் ஸ்கிரீனிங் வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018-இல் பரிந்துரைத்தது. மெல்ல வளரும் நோயைக் கண்டறிவதன் பலன் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். சிகிச்சையின் தொல்லை உடனே வரும். ஆனால் சிறுநீரில் இரத்தம் போகும் 75 வயதுக்காரருக்கு இந்த வரம்பு பொருந்தாது. அவரிடம் அறிகுறி இருக்கிறது; அதன் காரணத்தைத் தேடுவது ஸ்கிரீனிங் அல்ல, இரண்டாவது விஷயம்.

அப்படியானால் எல்லாருக்கும் எல்லாச் சோதனையும் செய்ய வேண்டுமா? இல்லை. முதியவர் பிறந்த ஆண்டைவிட அவரது தளர்நிலையை மருத்துவர் பார்க்க வேண்டும். நோயையும் சிகிச்சையையும் தாங்கும் உடல் வலு குறைந்திருப்பதே தளர்நிலை. தானாக நடக்கிறாரா, எடை குறைந்ததா, நினைவு தெளிவா, வேறு என்ன நோய்கள் என்பவை அதைக் காட்டும். பெருங்குடலைக் குழாய்க் கருவியால் உள்ளே பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு முன் குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்து, தளர்ந்தவரின் உடல்நீரை வற்றவைக்கக்கூடும். அவருக்கு மலத்தில் மறைந்த இரத்தத்தைக் காணும் சோதனையோ சி.டி. ஸ்கேனோ முதல் படியாகலாம்.

சோதனையே வேண்டாம் என்பதும் நியாயமான முடிவாக இருக்கலாம். ஆனால் சோதனையில் என்ன வந்தது என்று தெரிந்தால் சிகிச்சையில் என்ன மாறும் என்று மருத்துவரிடம் கேட்ட பிறகே அதை எடுக்க வேண்டும். பிள்ளைகள் பேசுவதற்கு முன், பெரியவரின் விருப்பத்தை அவரிடமே கேளுங்கள்.