வாத்தியார் படிப்புக்கு யார் பணம் கட்டுவது?

பஞ்சாலைக்குப் புதிதாக ஓர் ஆட்டோகோனர் எந்திரம் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஓட்டப் பழகுவதற்குத் தொழிலாளி தன் கைப்பணத்தைக் கட்ட வேண்டும். சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுப் பழக வேண்டும். பழகி முடித்த பிறகும் சம்பளம் ஒரு காசு ஏறாது என்று நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டினால் என்ன நடக்கும்? அடுத்த ஷிப்டு உள்ளே போகாது. கேட் வாசலிலே கூட்டம் கூடிவிடும். தொழில் பழகுகிறவனுக்கு உதவித்தொகை கொடுத்தே பழக்க வேண்டும் என்று 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டமே சொல்கிறது. தொழிலாளியின் திறமையால் ஆலைக்கு லாபம்; ஆகவே பழக்கும் செலவு ஆலையுடையது. இது எல்லோருக்கும் தெரிந்த நியாயம்.

இந்த நியாயம் உங்கள் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் விஷயத்தில் மட்டும் செல்லாமல் போய்விட்டது. வேலையில் இருந்துகொண்டே பி.எட்., எம்.எட். என்று கல்வியியல் பட்டம் படிக்கிற ஆசிரியர், ஏறக்குறைய அந்த நோட்டீஸில் கண்டபடிதான் படிக்கிறார். கேட்பாரில்லை.

"வாத்தியார் படித்தால் வாத்தியாருக்கு லாபம். நமக்கென்ன?" என்று நம் தோழர்கள் பலர் நினைக்கிறார்கள். அது தவறான நினைப்பு. இந்தப் பிரச்னையில் நஷ்டப்படுகிறவர்களில் முதல் ஆள் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை.

அந்தப் படிப்பு எதற்கு?

கணக்குத் தெரிந்தவர் எல்லோரும் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. ஒரு பிள்ளை ஏன் கழித்தலைத் தப்பாகப் போடுகிறது, எந்த வகுப்பில் எந்த இடத்தில் அது தடுக்கி விழுந்தது என்று கண்டுபிடிப்பது தனி வித்தை. வீட்டிலே பேசுகிற தமிழ் ஒன்று. புத்தகத்துத் தமிழ் வேறு. நடுவிலே இருக்கும் பள்ளத்தைப் பிள்ளை தாண்டுவது எப்படி? இதைக் கற்பதற்குத்தான் கல்வியியல் படிப்பு.

படித்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பள்ளத்தைத் தாண்ட வீட்டிலேயே கை கொடுக்க ஆள் உண்டு. மாலையில் டியூஷன் உண்டு. நடவுக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிற தாயின் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர்தான். அந்த ஒருவருடைய தேர்ச்சி குறைந்தால் வசதியுள்ள பிள்ளைக்குக் கொஞ்சம் நஷ்டம். நம் பிள்ளைக்கு முழு நஷ்டம்.

இன்னொன்று. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் தாய் தகப்பனோடு போய்விட்டுச் சில மாதம் கழித்துத் திரும்பி வருகிற பிள்ளை, விட்டுப்போன பாடத்தை எப்படிப் பிடிப்பது? இதற்கு விடை பட்டணத்துக் கட்டிடங்களிலே இல்லை. அந்த வகுப்பறையில் நிற்கிற ஆசிரியருக்குத்தான் அந்தப் பிள்ளையைத் தெரியும். அவருக்கு ஆராயும் முறையைக் கற்றுக் கொடுத்து, தன் பள்ளியைப் பற்றியே ஆய்வேடு எழுதச் சொன்னால் விடை கிடைக்க வழி உண்டு. எம்.எட். படிப்பில் ஆய்வேடு எழுதுவது ஒரு பாகம். ஆகவே, வேலையில் இருக்கிற ஆசிரியர் மேற்படிப்புப் படிப்பது ஊருக்கே பலன் தரக்கூடிய காரியம்.

ஒரு உடம்பு, இரண்டு இடம்

அப்படிப்பட்ட ஆசிரியர் படிக்கப் போனால் நடப்பது என்ன?

தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் 2014ல் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி பி.எட்., எம்.எட். இரண்டும் இரண்டு வருஷப் படிப்பாயின. வருஷத்துக்கு 200 வேலை நாள். வாரத்துக்கு 36 மணி நேரம். வகுப்புகளுக்கு 80 சதவிகிதம் வருகை வேண்டும். ஓர் ஆசிரியரை உருவாக்க இவ்வளவு நேரம் வேண்டும் என்பதிலே குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடமும் அதே நாட்களில், அதே மணி நேரத்தில்தான் நடக்கிறது. ஒரு உடம்பு இரண்டு இடத்தில் எப்படி இருக்கும்?

அவருக்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழி, சம்பளத்தை இழந்து லீவு போடுவது. நிலமோ நகையோ பின்பலமாக உள்ளவருக்குத்தான் இது முடியும். இரண்டாவது வழி, தொலைநிலைப் படிப்பு. ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில் இருப்பவர்களுக்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் பி.எட். இருக்கிறது. இடங்களுக்கு அளவுண்டு. 2014 விதிகளில் எம்.எட். படிப்புக்கு அந்த வழியும் வைக்கப்படவில்லை. மூன்றாவது வழி, பணத்தைக் கட்டிவிட்டு, கல்லூரிக்குப் போகாமலே வருகைப் பதிவேட்டில் 'வந்தார்' என்று எழுதச் செய்வது.

இந்த மூன்றாவது வழி எவ்வளவு பெரிய ராஜபாட்டையாகிவிட்டது என்பதற்கு எதிர்க்கட்சிகள் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. நீதிபதி வர்மா தலைமையிலான கமிஷன் 2012ல் ஆசிரியர் கல்வியை ஆராய்ந்து அறிக்கை தந்தது. அதை எடுத்துக்காட்டி, மத்திய சர்க்காரின் 2020 கல்விக் கொள்கையே ஒப்புக்கொள்கிறது: தனித்து இயங்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் பத்தாயிரத்துக்கு மேல் உள்ளன, அவற்றில் பெரும்பாலானவை உருப்படியாக எதையும் கற்பிக்க முயலவில்லை, விலைக்குப் பட்டம் விற்கின்றன என்று. விற்கிறவர்களுக்கு உரிமம் கொடுத்தது யார் என்பதை மட்டும் அந்தக் கொள்கை சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் பி.எட். படிப்புக்கு சர்க்கார் கல்லூரிகள் ஏழு. சர்க்கார் உதவி பெறும் கல்லூரிகள் பதினான்கு. இந்த இருபத்தொன்றிலும் சேர்த்து இடங்கள் சுமார் இரண்டாயிரம். மற்றவை பல நூறு தனியார் கல்லூரிகள். நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் பத்து ஊருக்கு ஒன்றும், வியாபாரியின் தராசு தெருவுக்கு ஒன்றும் இருந்தால் விவசாயி எங்கே போவான்? ஆசிரியரும் அங்கேதான் போகிறார். கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார். அந்தப் பணத்துக்கு ஒரு காகிதம் கிடைக்கிறது. வகுப்பறைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இதற்கிடையே 2025 செப்டம்பர் 1ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பளித்தது. 1 முதல் 8 வரை உள்ள வகுப்புகளின் ஆசிரியர்களில், ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருஷத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும்; தேறாவிட்டால் வேலையில் நீடிக்க முடியாது என்பது அதன் சாரம். இருபது வருஷம் பாடம் நடத்தியவர்கள் பரீட்சைக்குப் புத்தகத்தைப் பிரித்தார்கள். எந்த நேரத்தில் பிரித்தார்கள்? பள்ளி வேலை முடிந்து, வீட்டுச் சமையல் முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு. படி என்று உத்தரவு வருகிறது. படிக்க நேரம் கொடு என்ற உத்தரவு மட்டும் வருவதேயில்லை.

உயர்வும் போனஸும்

உயர்படிப்பு முடிக்கும் சர்க்கார் ஆசிரியருக்குச் சம்பளத்தில் ஊக்க ஊதிய உயர்வு கொடுப்பது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். 2020 மார்ச் 10ந் தேதி ஓர் உத்தரவால் அது ரத்து செய்யப்பட்டது. 2021ல் வந்த மறு உத்தரவு, அதற்குப் பதிலாக ஒரே தடவை ஒரு தொகை என்றது.

ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடிப்படைச் சம்பளத்தில் நூறு ரூபாய் ஏறுவது வேறு, கையில் ஒரு தடவை போனஸ் கொடுப்பது வேறு. அடிப்படையில் ஏறியது பஞ்சப்படியையும் ஏற்றும், கடைசிக் காலத்துப் பென்ஷன் வரை கூட வரும். ஒரே தடவை கொடுத்தது அந்த மாதக் கடனோடு கரைந்துவிடும். ஆண்ட கட்சி மாறியது. பறித்த உரிமை முழுதாகத் திரும்பவில்லை.

"அவர்களுக்கு என்ன குறை?"

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்பார்: "சர்க்கார் வாத்தியார் வாங்குகிற சம்பளம் என் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. என் கூலிக்கே போராட ஆளில்லாதபோது அவர் லீவுக்கு நான் குரல் கொடுப்பதா?"

நியாயமான கேள்விதான். பதில் இரண்டு. முதலாவது, ஆசிரியர் என்றால் நிரந்தர உத்தியோகஸ்தர் மட்டுமல்ல. 2022ல் தமிழ்நாட்டு சர்க்கார் பள்ளிகளில் 13,331 தற்காலிக இடங்களுக்கு ஆள் எடுக்க உத்தரவானபோது, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பி.எட். படித்த பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. தனியார் பள்ளிகளில் இதற்கும் குறைவாக வாங்குகிறவர்கள் உண்டு. யார் இவர்கள்? சாயப்பட்டறையில் வேலை செய்தவர் மகள். அண்டைவெட்டி, நாற்றுப்பறித்து வயிறு கழுவியவர் மகன். குடும்பத்திலே முதன்முதல் பட்டம் வாங்கியவர்கள். நீங்கள் நகையை அடகு வைத்துக் கட்டிய பி.எட். பணம்தான் அந்தக் கல்லூரி முதலாளியின் கல்லாவில் விழுந்தது.

இரண்டாவது, நாம் கேட்பது ஆசிரியருக்குத் தனிச் சலுகையல்ல. நம் பிள்ளையின் வகுப்பறைக்குத் தேர்ந்த கை வேண்டும் என்று கேட்கிறோம். அந்தக் கையைத் தேர்ச்சி பெறச் செய்யும் செலவைப் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர் ஏற்க வேண்டும் என்கிறோம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. போகாத கல்லூரிக்குப் போனதாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிய பட்டம் யாருக்கு உதவும்? விலைக்கு வாங்கிய ஆய்வேட்டைக் காட்டி ஊதிய உயர்வு கேட்டால், கூலிக்காரத் தகப்பன் எப்படி உங்கள் பக்கம் நிற்பான்? ஊக்கத் தொகைக்காகக் கூட்டம் போடும்போது, "இந்தப் படிப்பால் என் வகுப்பில் இன்ன மாறுதல் வந்தது" என்று பெற்றோர் முன்னால் சொல்லும் தைரியமும் வேண்டும். அப்படிச் சொல்ல முடிந்தவர்களுக்கு ஊரே துணை நிற்கும்.

என்ன கேட்க வேண்டும்?

இது ஆகாத காரியமல்ல. 1966 அக்டோபர் 5ந் தேதி பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு, யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் சேர்ந்து தயாரித்த ஆசிரியர் அந்தஸ்து பற்றிய சிபாரிசை ஏற்றது. ஆசிரியருக்கு அவ்வப்போது முழுச் சம்பளத்துடனோ பகுதிச் சம்பளத்துடனோ படிப்பு லீவு கொடுக்க வேண்டும், அது சீனியாரிட்டிக்கும் பென்ஷனுக்கும் சேர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. பின்லாந்து தேசத்தில் 1979 முதல் ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும்; அந்தப் பட்டத்துக்கு அந்நாட்டார் கட்டணம் கட்டுவதில்லை. நம் நாட்டிலோ, தேச வருமானத்தில் 6 சதவிகிதம் கல்விக்கு வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966ல் சொன்னது. அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை என்று 2020 கல்விக் கொள்கையே எழுதி வைத்திருக்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

1. வேலையில் உள்ள ஆசிரியருக்குச் சம்பளத்துடன் படிப்பு லீவு. அவர் போகும் நாட்களுக்கு முறையான சம்பளத்தில் மாற்று ஆசிரியர். மாற்று ஆள் இல்லாமல் லீவு கொடுத்தால் ஆசிரியர் படிப்புக்கு நம் பிள்ளைகள் விலை கொடுக்க நேரும். அதை ஒப்புக்கொள்ள முடியாது.

2. சர்க்கார் கல்வியியல் கல்லூரி மாவட்டந்தோறும். அவற்றில் வேலையிலுள்ள ஆசிரியருக்கென்று மாலை வகுப்பும் விடுமுறை வகுப்பும். கட்டணத்தைப் பள்ளியை நடத்துகிறவர் ஏற்க வேண்டும். தனியார் பள்ளி முதலாளிக்கும் இது பொருந்த வேண்டும்.

3. 2020ல் பறித்த ஊக்க ஊதிய உயர்வு திரும்ப வேண்டும்.

4. வருகையில்லாமல் பட்டம் விற்கும் கல்லூரிகளின் அங்கீகாரம் ரத்தாக வேண்டும்.

5. ஆசிரியரின் ஆய்வேடு அவர் பள்ளியைப் பற்றியதாக இருக்க வேண்டும்; அது பெற்றோர் கூட்டத்தில் தமிழில் படிக்கப்பட வேண்டும்.

இவற்றை எங்கே பேசுவது என்று மலைக்க வேண்டாம். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நம் ஊர்களில் அந்தப் பெற்றோர் யார்? ஆலைக்கும் வயலுக்கும் போகிற நாம்தான். சுண்ணாம்பு அடிப்பதற்கும் ஆண்டு விழாவுக்கும் மட்டும் அந்தக் குழு கூடினால் போதாது. அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பள்ளியில் மேற்படிப்புப் படிக்கிற ஆசிரியர் யார்? அவருக்கு என்ன உதவி? அவர் படிப்பதால் எங்கள் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?" பதிலைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். அதே தீர்மானத்தைச் சங்கக் கூட்டத்திலும் கொண்டுவாருங்கள். ஆசிரியர் சங்கத்தாரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.