சிறைப் பதிவேடு யாருக்காகத் திறந்திருக்க வேண்டும்?

அமெரிக்காவின் பல கவுண்டிகளில், யார் கைதானார், எந்தச் சிறையில் இருக்கிறார் என்பதை எவரும் கேட்டறியலாம். குற்றம் நிரூபிக்கப்படும் முன்னரே பெயரும் படமும் வெளியாவதால் மானம் போகிறது என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால், பதிவேட்டை மூடினால் என்னவாகும் என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலின் பின்னர், குடிவரவு அதிகாரிகள் கைதுசெய்த பலர், பெரும்பாலும் முஸ்லிம்கள், நியூஜேர்சியின் ஹட்சன், பசாயிக் கவுண்டிச் சிறைகளில் அடைக்கப்பட்டனர். பெயர்கள் இரகசியமாக்கப்பட்டன. சிறைப் பதிவேடு பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். அதைக் காட்டியே சிவில் உரிமை அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. 2002 மார்ச்சில் நீதிபதி பெயர்களை வெளியிட உத்தரவிட்டார். அடுத்த மாதமே மத்திய அரசு அதைத் தடுக்கும் ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. ஜூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது.

அவ்விசாரணையில் 762 வெளிநாட்டவர் தடுத்து வைக்கப்பட்டதாக 2003இல் அமெரிக்க நீதித் திணைக்களத்தின் உள்ளக அறிக்கையே கூறியது. இருக்குமிடம் தெரியாத கைதிக்குக் குடும்பம் எங்கே சட்டத்தரணியை அனுப்பும்?

என் கருத்து இதுதான்: கைதானவரின் படத்தை மறைக்கலாம், அவர் இருக்கும் இடத்தைக் குடும்பத்திடமிருந்து மறைக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை.